விளம்பரத் திட்டக்கலையும் ஒருசாலை மாணாக்கரும்

விளம்பரத் திட்டமிடல் வகுப்பை நிறைவுசெய்து பல ஊர்களுக்கும் பல ஸ்தாபனங்களுக்கும் புறப்படவிருக்கும் மாணவ மாணவியரே,

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்பது. ஒரு வகுப்பில் சேர்ந்து படித்த ஒருசாலை மாணாக்கர், வகுப்பு முடிந்து திசைக்கொருவராகப் பிரிந்த பின்னரும் தங்களுக்குள் தொடர்பு அறாமல் இருப்பதையும், தாம் தாம் கண்ட, கேட்ட, படித்த சுவையான செய்திகளை ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்வதையும் பற்றியே பேச விரும்புகிறேன். இது நட்பின் இனிமைக்காக, ஓய்வு நேரத்தில் செய்கிற காரியம் என்று பலரும் நினைக்கிறார்கள். நட்பின் இனிமை இதில் உண்டு என்பது மெய்யே. ஆயினும், மனிதர்களின் மனப்போக்கை அறிவதையே ஜீவனமாகக் கொண்ட உங்களுக்கு இது தொழிலின் ஓர் அங்கம், அதுவும் எந்த ஸ்தாபனமும் எந்தச் சம்பளமும் ஈடுசெய்ய இயலாத அங்கம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கனுக்குக் கல்வி நிரம்பும் வகையைப் பங்கிட்டுச் சொல்கிறார். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு செம்மையாக மனத்தில் வாங்கிக்கொண்டாலும் அதனால் வருவது காற்பங்கு. உடன்பயில்வாரோடு பழகிப் பேசுவதால் வருவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் அறிந்ததைப் பிறருக்கு விளங்க எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும் என்பது அவருடைய கணக்கு. இலக்கணம் பயில்வாரை நினைந்து அவர் இதைச் சொன்னார். எனினும், ஆசிரியர் தரும் காற்பங்கு வகுப்பின் கடைசி நாளோடு நின்றுவிடுகிறது என்பதையும், மற்ற முக்காற்பங்கும் ஒருசாலை மாணாக்கர் தமக்குள் பேசுவதை நிறுத்தாத வரையில் வளர்ந்துகொண்டே போகக்கூடியது என்பதையும் இந்தக் கணக்கு குறிப்பால் உணர்த்துகிறது. கண்டதை ஒரு தோழனுக்கு எழுதுகிறவன், உடன்பயில்வாரால் வரும் பங்கையும் எடுத்துரைப்பதால் வரும் பங்கையும் ஒரே செயலில் பெற்றுவிடுகிறான்.

விளம்பர ஏஜென்சியின் உள்ளமைப்பில் பரிச்சயம் இல்லாத பெரியோர்களும் இந்த அவையில் இருப்பதால், இந்த மாணவர்கள் மேற்கொள்ளப்போகும் வேலை யாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடிக்கை நிறுவனத்தாரோடு பேசிக் காரியங்களை நடத்துகிறவர்கள் ஒரு புறமும், விளம்பரத்தை எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் மறு புறமுமாக ஏஜென்சிகள் நெடுங்காலம் இயங்கிவந்தன. இவ்விரு சாராரும் கூடிப் பேசும் மேஜையில், அந்தப் பொருளைக் காசு கொடுத்து வாங்கப்போகிற மனிதருடைய மனத்தை அறிந்து அவருக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் 1960களில் லண்டன் மாநகரத்தில் இரண்டு இடங்களில் தனித்தனியே உருப்பெற்றது. ஸ்டான்லி பாலிட் என்பவர் பிரிட்சர்ட் வுட் என்ற ஏஜென்சியில் 1965இல் இதைத் தொடங்கி, 1968இல் தாமும் நண்பர்களும் நிறுவிய போஸ் மாசிமி பாலிட் ஏஜென்சியில் நிலைநாட்டினார். அதே 1968இல் ஜே. வால்டர் தாம்சன் ஏஜென்சியின் லண்டன் கிளையில் ஸ்டீபன் கிங் என்பவர் இதற்கென்றே ஒரு தனித் துறையை அமைத்தார். அக்கவுண்ட் பிளானிங் என்ற பெயரை அங்கிருந்த டோனி ஸ்டெட் சூட்டினார். விற்கப்படும் பொருள் இன்று எந்த நிலையில் இருக்கிறது, ஏன் அந்த நிலையில் இருக்கிறது, எங்கே போய்ச் சேரக்கூடும், எந்த வழியில் போவது, போய்க்கொண்டிருக்கிறோமா என்ற ஐந்து கேள்விகளை ஓயாமல் சுற்றிச் சுற்றிக் கேட்பதாகக் கிங் தம் முறையை வகுத்துக்கொண்டார். பாலிட்டோ, மக்களை நேரில் கண்டு பேசிவந்த ஒருவர் ஒவ்வொரு விளம்பரத்தின் பிறப்பிலும் உடனிருக்க வேண்டும் என்பதில் விடாப்பிடியாக நின்றார். இவ்விரண்டு ஊற்றுகளிலிருந்தும் வந்தவரே இன்று பிளானர் என்று அழைக்கப்படுகிறவர்.

இப்படிப்பட்ட வேலைக்குச் செல்கிற இளைஞனுக்கு, சேர்ந்த சில ஆண்டுகளுக்குள்ளே நேர்கிற ஓர் அபாயத்தைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல வேண்டும். அவனிடம் இரண்டு மூன்று பொருள்கள் ஒப்படைக்கப்படுகின்றன. சோப்பு என்றால் சோப்பைப் பற்றியே அவன் படிக்கிறான். சோப்பின் விற்பனைக் கணக்குகள், சோப்புக் கடைகளின் அறிக்கைகள், போட்டிச் சோப்புகளின் விளம்பரங்கள் ஆகியவை அவனுடைய மேஜையை நிறைக்கின்றன. பக்கத்து நாற்காலியில் இருப்பவரும் அதே அறிக்கைகளைத்தான் படிக்கிறார். அலுவலகத்தில் எல்லாரும் ஒரே கிணற்றில் இறைக்கிறவர்களாக ஆகிவிடுகிறார்கள். சிறிய ஏஜென்சியாக இருந்தால் பிளானர் என்று அவன் ஒருவனே இருப்பான். தன் கருத்தை உரசிப் பார்க்க அவ்வேலையை அறிந்த இரண்டாவது ஆள் அந்தக் கட்டடத்திலேயே இருக்கமாட்டார். இவற்றைவிடப் பெரிய நிர்ப்பந்தம் ஒன்று உண்டு. அலுவலகத்தில் எதைச் சொன்னாலும், இதனால் நம்முடைய பிரீஃபுக்கு, அதாவது விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு நாம் தரும் வேலைக்குறிப்புக்கு, என்ன பிரயோஜனம் என்ற கேள்வி உடனே எழுந்துவிடும். கேட்பவர்களைக் குறைகூற முடியாது. வாடிக்கை நிறுவனம் பணம் கொடுக்கிறது, நாள் குறித்திருக்கிறது. ஆயினும், பிரயோஜனம் இன்னதென்று தெரியாத ஒன்றை உரக்கச் சொல்லவே கூச்சப்படுகிற மனிதன், சிறிது காலத்தில் அப்படிப்பட்டவற்றைக் காணவும் மறந்துபோகிறான்.

ஜேம்ஸ் வெப் யங் என்ற அமெரிக்க விளம்பர எழுத்தாளர், அவரும் ஜே. வால்டர் தாம்சன் ஏஜென்சியைச் சேர்ந்தவரே, கருத்துகள் பிறக்கும் விதத்தைப் பற்றி 1940இல் வெளிவந்த மிகச் சிறிய புத்தகம் ஒன்றில் ஆராய்ந்திருக்கிறார். புதிய கருத்து என்பது முன்பே இருக்கிற பழைய கூறுகளின் புதிய சேர்க்கை என்பது அவருடைய கொள்கை. அந்தச் சேர்க்கைக்கு வேண்டிய பொருள்களை அவர் இரண்டு வகையாகப் பிரிக்கிறார்: விற்கப்போகிற பண்டத்தையும் வாங்கப்போகிறவரையும் பற்றிய விசேஷச் செய்திகள் ஒரு வகை, வாழ்க்கையையும் உலகத்தையும் பற்றிய பொதுச் செய்திகள் மற்றொரு வகை. முன்னதைச் சிறிய அட்டைகளில் குறித்து வகைப்படுத்தி வைக்கவேண்டும் என்றும், பின்னதை வாழ்நாள் முழுவதும் வெட்டி ஒட்டிச் சேர்த்துவைக்கும் புத்தகங்களில் திரட்ட வேண்டும் என்றும் அவர் யோசனை சொல்கிறார். அவர் சொன்னதற்கு மேல் நான் சேர்த்துச் சொல்ல விரும்புவது ஒன்றே. விசேஷச் செய்திகளைத் திரட்டுவதற்கு உங்களுக்குச் சம்பளம் கொடுப்பார்கள். பொதுச் செய்திகளைத் திரட்டுவதற்கு ஒருவரும் கொடுக்கமாட்டார்கள். அதைத் தனியொருவராகச் செய்கிறவர் தம்முடைய இரண்டு கண்களுக்கு எட்டியதை மட்டுமே திரட்ட முடியும். ஒரே பயிற்சியைப் பெற்று, ஒருவருடைய சிந்தனையின் போக்கை மற்றவர் அறிந்து, வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பண்டங்களோடு பழகிக்கொண்டிருக்கிற பத்துப் பன்னிரண்டு பேர் தங்களுக்குள் ஒரு திரட்டை வைத்துக்கொண்டால் அதன் வளம் வேறு. அவர்களுக்குள் மேலதிகாரி இல்லை, கீழ்ப்பட்டவர் இல்லை. இது எதற்கு உதவும் என்று எனக்கே தெரியவில்லை என்ற முன்னுரையோடு ஒன்றை எழுதியனுப்ப அவர்களிடையே மட்டுமே முடியும்.

இதற்குச் சரித்திரத்தில் நான் அறிந்த சான்றுகளுள் மிகச் சிறந்தது வியன்னா நகரத்தில் தோன்றியது. 1920களில் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் கார்ல் பியூலர், சார்லட் பியூலர் என்ற தம்பதியர் உளவியல் ஆய்வுக்கூடத்தை நடத்திவந்தார்கள். கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்ற பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற இளைஞர் அங்கே புள்ளியியல் கற்பித்தார். மரீ யஹோடா, ஹெர்த்தா ஹெர்ட்சோக், எர்ன்ஸ்ட் டிக்டர் ஆகியோர் அந்தக் கூடத்தில் பயின்றவர்கள். சட்டம் படித்த ஹான்ஸ் ட்சைசல், சோஷலிஸ்டு இளைஞர் இயக்கத்தின் வழியே இவர்களுக்கு நண்பரானவர். லாசர்ஸ்ஃபெல்ட் 1931இல் இத்தகைய இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பொருளாதார உளவியல் ஆய்வு நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார். தேயிலை, சாக்லேட், காலணி முதலியவற்றை மக்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வியன்னா வியாபாரிகளுக்காக அந்நிலையம் விசாரித்துச் சொல்லிவந்தது. சோஷலிஸ்டு இளைஞர்கள் சோப்பு வியாபாரத்தில் ஏன் தலையிட வேண்டும் என்ற கேள்வி இயல்பாக எழும். லாசர்ஸ்ஃபெல்டுக்கு அதில் முரண்பாடு தோன்றவில்லை. ஒருவர் தேர்தலில் ஒரு கட்சியைத் தேர்ந்தெடுப்பதும் கடையில் ஒரு சோப்பைத் தேர்ந்தெடுப்பதும், ஆராய்கிறவனுடைய முறையைப் பொறுத்தவரையில் ஒரே வடிவத்தை உடைய செயல்கள் என்று அவர் கருதினார்.

இந்தக் குழுவினர் செய்த காரியங்களுள் அழியாப் புகழ் பெற்றது மரியென்டால் ஆராய்ச்சி. மரியென்டால் என்பது வியன்னாவுக்கு அருகே, ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்த கிராமம். ஆலை மூடப்பட்டதும் ஏறத்தாழ ஊர் முழுவதுமே வேலை இழந்தது. அங்கே சென்ற இளைஞர்கள் தங்களுக்கு ஒரு விதியை ஏற்படுத்திக்கொண்டார்கள்: வேடிக்கை பார்க்கிறவராக ஒருவரும் அந்த ஊருக்குள் நுழையக்கூடாது, ஒவ்வொருவரும் ஊருக்குப் பயன்படுகிற ஒரு பணியைச் செய்துகொண்டே பார்க்க வேண்டும். ஆகவே சிலர் துணிகளைத் திரட்டி ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கினார்கள். தையலுக்குத் துணி வெட்டும் வகுப்பும் இலவச வைத்திய ஆலோசனையும் நடந்தன. அவர்கள் கண்டறிந்தவற்றைக் கேளுங்கள். வேலை இல்லாததால் பொழுது மிகுதியாக இருந்தும், ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பவர்கள் பெருகவில்லை, குறைந்துபோனார்கள். தெருவில் போகிறவர்களை ஜன்னலிலிருந்து கடிகாரமும் கையுமாகக் கவனித்தபோது, ஆண்கள் அடிக்கடி நின்று நின்று மெல்ல நடப்பதும், வீட்டு வேலையால் ஓய்வில்லாத பெண்கள் விரைந்து நடப்பதும் தெரிந்தன. கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகளை எழுதச் சொன்னபோது, அப்பா அம்மாவிடம் பணம் இருந்தால் என்ற நிபந்தனையோடு ஆசைகளை எழுதினார்கள். நடையின் வேகத்தை அளந்து பார்க்கவேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகமும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஒருவர் கண்ணில் பட்டதை மற்றவரிடம் சொல்லி, அதை எப்படி அளப்பது என்று கூடிப் பேசுகிற பழக்கம் உள்ள கூட்டத்தில்தான் அத்தகைய காட்சிகள் ஆராய்ச்சியாக உயரும். லாசர்ஸ்ஃபெல்டும் யஹோடாவும் ட்சைசலும் சேர்ந்து உருவாக்கிய அந்நூல் 1933இல் வெளிவந்தது.

அதே ஆண்டில் லாசர்ஸ்ஃபெல்ட் ராக்ஃபெல்லர் உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்கா சென்றார். ஆஸ்திரியாவில் எதேச்சாதிகாரம் வலுத்தது. ஆய்வு நிலையத்தை அவருக்குப் பின் நடத்திய யஹோடா 1936இல் கைது செய்யப்பட்டு, நாட்டை விட்டு வெளியேறுவது என்ற நிபந்தனையின்பேரில் 1937இல் விடுதலையாகி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். 1938இல் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் புகுந்தது. ட்சைசல் அந்த ஆண்டில் அமெரிக்காவுக்குத் தப்பினார். டிக்டர் அதற்குமுன்பே பாரிஸுக்குச் சென்று அங்கிருந்து நியூயார்க் அடைந்தார். ஹெர்ட்சோக் 1935லேயே அமெரிக்கா வந்துவிட்டிருந்தார். ஊர் போயிற்று, மொழி மாறிற்று, கூடம் கலைந்தது. ஆனால் ஒருசாலையில் பயின்ற உறவு கலையவில்லை என்பதற்கு அவர்களுடைய பிற்கால வாழ்க்கையே சாட்சி. நியூயார்க்கில் வந்திறங்கிய டிக்டருக்கு முதல் வேலை கிடைக்க லாசர்ஸ்ஃபெல்ட் உதவினார். லாசர்ஸ்ஃபெல்ட் தலைமையில் 1937இல் தொடங்கிய வானொலி ஆராய்ச்சியில் ஹெர்ட்சோக் சேர்ந்து, பகல் நேரத்தில் ஒலிபரப்பாகும் தொடர்கதைகளை வீட்டுப் பெண்கள் எதற்காகக் கேட்கிறார்கள் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசி ஆராய்ந்தார். வெறும் பொழுதுபோக்காக மட்டுமல்லாமல், தங்கள் வாழ்க்கையை நடத்த ஒரு வழிகாட்டியாகவும் பலர் அவற்றைக் கொள்கிறார்கள் என்று கண்டார். பின்னர் ஹெர்ட்சோக் மக்கான் எரிக்சன் என்ற பெரிய விளம்பர ஏஜென்சியில் அமர்ந்தார். ட்சைசலும் அதே ஏஜென்சியில் பணிபுரிந்தார். எண்களைக் கொண்டு உண்மையைப் பேசவைப்பது எப்படி என்று ட்சைசல் 1947இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலுக்கு முன்னுரை எழுதியவர் லாசர்ஸ்ஃபெல்ட்.

இவர்கள் எல்லாரும் ஒரே கருத்தினர் என்று எண்ணிவிடக்கூடாது. டிக்டர் நீண்ட உரையாடலின் ஆழத்தை நம்பினார். 1939இல் ஐவரி சோப்பைப் பற்றி விசாரித்தபோது, சோப்பை விட்டுவிட்டுக் குளியலைப் பற்றி மக்களைப் பேசவிட்டார். ட்சைசல் அட்டவணையின் தெளிவை நம்பினார். இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராகி, ஜூரிகள் தீர்ப்புக்கு வரும் விதத்தையே எண்களைக் கொண்டு ஆராய்ந்தார். இத்தனை வேறுபாடு உள்ளவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்ததுதான் நன்மை. ஒத்த கருத்தினர் மட்டும் கூடி ஒத்த செய்திகளையே பரிமாறிக்கொள்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இந்தக் கதையில் இன்னொரு நிகழ்ச்சியும் சேரவேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாசர்ஸ்ஃபெல்டின் சகாவாக வந்தவர் ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர். 1941 நவம்பரில் மெர்ட்டன் தம்பதியரை விருந்துக்கு அழைத்திருந்த லாசர்ஸ்ஃபெல்ட், அவர்கள் வந்ததும், அவசரமாக வந்த வேலை ஒன்றைக் காரணம் காட்டி, மெர்ட்டனை வானொலி நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே ஒரு கூட்டம் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு, பிடித்த இடத்தில் பச்சைப் பொத்தானையும் பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொத்தானையும் அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு ஒருவர் அவர்களைக் கேள்வி கேட்டார். பார்த்துக்கொண்டிருந்த மெர்ட்டன், கேள்விகள் பதிலை முன்கூட்டியே சுட்டிவிடுகின்றன என்று கண்டு அதைக் குறிப்பெழுதி லாசர்ஸ்ஃபெல்டிடம் கொடுத்தார். லாசர்ஸ்ஃபெல்ட் அதற்காகக் கோபிக்கவில்லை. அடுத்த கூட்டத்தை மெர்ட்டனையே விசாரிக்கச் சொன்னார். குவிந்த நேர்காணல் என்று பின்னர் பெயர் பெற்ற முறைக்கு வித்து அன்றிரவு விழுந்தது. இன்று ஒவ்வொரு ஏஜென்சியும் நடத்துகிற குழு உரையாடல்களின் வம்சாவளியில் அதற்குப் பெரிய இடம் உண்டு. நான் இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம், கண்டதைச் சொல்வது போலவே கேட்பதும் ஒரு கடமை என்பதுதான். பதிலே வராத இடத்துக்கு எவரும் நெடுநாள் எழுதிக்கொண்டிரார்.

வியன்னாவுக்கு நேர்ந்தது கொடுமையான பிரிவு. லண்டனில் தோன்றிய திட்டக்கலைக்கு நேர்ந்தது சுகமான பிரிவு. அங்கும் நான் காண்பது இதே உறவுதான். இந்தக் கலை அமெரிக்காவுக்குப் புத்தகத்தின் வழியாகப் போகவில்லை. போஸ் மாசிமி பாலிட் ஏஜென்சியில் பயின்ற ஜேன் நியூமனை 1982ஆம் ஆண்டு வாக்கில் சையட்/டே ஏஜென்சியின் ஜே சையட் அழைத்துக்கொண்டதால் அங்கே வேரூன்றியது. அதே லண்டன் ஸ்தாபனத்தில் பயின்ற ஜான் ஸ்டீல் பின்னர் சான்பிரான்சிஸ்கோ சென்று குட்பி, சில்வர்ஸ்டீன் ஏஜென்சியில் திட்டத் துறையைத் தலைமை தாங்கி நடத்தினார். லண்டனிலோ, போட்டி ஏஜென்சிகளைச் சேர்ந்த பிளானர்கள் 1979இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 1980 முதல் அங்குள்ள விளம்பரத் தொழில்புரிவோர் கழகம், தங்கள் விளம்பரம் உண்மையிலேயே பலன் தந்தது என்பதைச் சான்றுகளோடு நிரூபித்துக் கட்டுரை எழுதுகிறவர்களுக்குப் பரிசளித்து, அக்கட்டுரைகளை நூல்களாகவும் வெளியிட்டுவருகிறது. போட்டியாளர்கள் படிப்பார்கள் என்று தெரிந்தே தங்கள் அநுபவத்தை எழுதி வைப்பது சாதாரண காரியம் அன்று.

ஜான் ஸ்டீலின் ஏஜென்சி 1993இல் கலிபோர்னியாவில் பாலுக்காகச் செய்த வேலை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். என்றாலும் எது கண்டுபிடிப்பு என்பதை விளக்க அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பால் உடம்புக்கு நல்லது என்று விளம்பரங்கள் ஆண்டாண்டுகளாகச் சொல்லிவந்தன. ஜனங்கள் அதை ஒப்புக்கொண்டார்கள், பால் குடிப்பதையோ குறைத்துக்கொண்டே வந்தார்கள். பிளானர்கள் சிலரை ஒரு வாரம் பால் இல்லாமல் இருந்துபார்த்து வந்து சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். ஏஜென்சியின் குளிர்பெட்டியிலிருந்தே பாலை எடுத்துவிட்டு, காலையில் வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒளித்துவைத்த காமிராவால் பார்த்தார்கள். கிண்ணத்தில் தானியச் செதிலைக் கொட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்து பால் இல்லை என்று காண்கிறபோது மனிதனுக்கு உண்டாகிற தவிப்புத்தான் அவர்களுக்குக் கிடைத்த செய்தி. பால் தனியாக நினைக்கப்படுவதில்லை, அது இல்லாத கணத்தில்தான் நினைவுக்கு வருகிறது. இந்தச் செய்தியை ஒருவர் தனியே சொல்லியிருந்தால், அற்ப விஷயம் என்று கேட்டவர் நகர்ந்திருப்பார். சொன்னது சரியான செவியில் விழுந்ததால், வாய் நிறைய வேர்க்கடலை வெண்ணெய் ரொட்டியோடு, தெரிந்த விடையைத் தொலைபேசியில் சொல்ல முடியாமல் தவிக்கும் மனிதனைக் காட்டிய புகழ்பெற்ற படம் பிறந்தது.

இனி, எழுதும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். எங்கோ அச்சான கட்டுரைகளைக் கட்டுக்கட்டாக நண்பர்கள் தலையில் சுமத்துவது பகிர்தல் ஆகாது. எந்த ஊரில், எந்தக் கடையில், எந்த நேரத்தில், எப்படிப்பட்டவரிடம் கண்டீர்கள், அவர் தம்முடைய வாயால் சொன்ன சொல் யாது, உங்களை நின்று பார்க்கவைத்தது எது என்று எழுதுங்கள். கண்டது வேறு, அதிலிருந்து நீங்கள் ஊகித்தது வேறு. இரண்டையும் தனித்தனி வாக்கியங்களில் வையுங்கள். அப்போதுதான் உங்கள் ஊகத்தை ஏற்காத தோழி, நீங்கள் கண்டதைக் கொண்டு வேறு முடிவுக்கு வர இயலும். உங்களிடம் மனம் திறந்து பேசிய மனிதருடைய பெயரையும் வீட்டையும் கடிதத்தில் ஏற்றாதீர்கள். அவர் உங்களிடம் பேசினாரே அன்றி உங்கள் வகுப்பினிடம் பேசவில்லை.

ரகசியத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஏனெனில் உங்களில் சிலர் நாளைக்கே ஒருவரோடொருவர் போட்டியிடும் சோப்புகளுக்கு வேலை செய்யப்போகிறீர்கள். வாடிக்கை நிறுவனத்தின் விற்பனைக் கணக்கு, இன்னும் கடைக்கு வராத பண்டம், எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் விளம்பரம், அந்த நிறுவனத்தின் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு ஆகியவை உங்கள் சொத்து அல்ல. உயிர்த் தோழனுக்கும் அவற்றைச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. அந்த நிறுவனத்தில் வேலை செய்யாதிருந்தாலும் உங்கள் கண்ணுக்குக் கிடைத்திருக்கக்கூடியது எதுவோ அதைத் தாராளமாகச் சொல்லலாம். தெருவும் சந்தையும் ரயில்வண்டியும் பழைய புத்தகக் கடையும் கல்யாண வீடும் எவருடைய ரகசியமும் அல்ல. திரட்டத்தக்கவற்றுள் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது. இந்த வரம்பைக் கண்டிப்பாகக் காத்துக்கொள்கிற கூட்டம்தான் நீடிக்கும். ஒருமுறை மீறப்பட்டாலும் எல்லாரும் பேசத் தயங்குவார்கள், தயக்கம் வந்தபின் கடிதங்கள் வெறும் க்ஷேமலாபங்களாகச் சுருங்கிப்போகும்.

இத்தகைய கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்று உங்களில் சிலர் என்னைக் கேட்டீர்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1727இல், இருபத்தொரு வயது அச்சுத் தொழிலாளியாக இருந்தபோது, பிலடெல்பியாவில் ஜண்டோ என்ற ஒரு சிறு கூட்டத்தை ஏற்படுத்தினார். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடினார்கள். கூடும்போதெல்லாம் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விகளை அவர் வரிசையாக எழுதி வைத்திருந்தார்: அண்மையில் படித்தவற்றுள் மற்றவர்களுக்குச் சொல்லத்தக்கது ஏதேனும் உண்டா, ஊரில் எவருடைய வியாபாரமாவது நொடித்துப்போயிற்றா, அதற்குக் காரணம் என்னவென்று கேள்விப்பட்டீர்கள், எவராவது செழித்து வருகிறாரா, எந்த உபாயத்தால் என்று அவை தொடர்கின்றன. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பழமையான இந்தக் கேள்விகளைவிட ஒரு பிளானருக்கு உகந்த கேள்விகளை இன்று எழுதுவது கடினம். அக்கூட்டத்தின் தொடர்பிலிருந்து 1731இல் அமெரிக்காவின் முதற்பெரும் சந்தா நூலகம் எழுந்தது. கூட்டத்தின் பெருமை பரவவே, தங்கள் நண்பர்களையும் சேர்க்கவேண்டும் என்று உறுப்பினர்கள் விரும்பினார்கள், ஃபிராங்க்ளின் இணங்கவில்லை. பன்னிருவர் என்ற அளவை மீறாமல், ஒவ்வொருவரும் தாமே தனியாக ஒரு கூட்டத்தை அமைத்துக்கொள்ளலாம், அங்கேயும் அதே கேள்விகளைக் கேட்கலாம், அங்கே கேள்விப்பட்டதை இங்கே வந்து சொல்லலாம் என்று யோசனை சொன்னார். அப்படி ஐந்தாறு கூட்டங்கள் தோன்றின.

உங்கள் வகுப்பு பன்னிருவரைவிடப் பெரியது. ஆகவே இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்துகொள்ளுங்கள். ஒரே ஊருக்குப் போகிறவர்கள் ஒரே பிரிவில் சேராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒருவர் முறைவைத்து எழுதட்டும். முறை வராதவர்கள் வந்ததற்குப் பதில் எழுதட்டும். அடுத்த மாதத்துக் கடிதத்தை யார் எழுதுவது என்பதை, இந்த மண்டபத்தை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்.